குகை மனிதனுக்கு நான் போட்ட பச்சை டிக்

நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஓய்வு பெற்றவர்கள் இளைய ஊழியர்களுக்குத் தங்கள் 'பயணத்தை'ப் பகிர வேண்டுமாம். இருபது நிமிடம், திரையில் முகம் தெரியப் பேச வேண்டும், கடைசியில் மூன்று பாடங்கள் சொல்ல வேண்டும். நான் எந்தப் பயணமும் போகவில்லை. நியூ ஜெர்சியில் ஒரு பாடநூல் பதிப்பகத்தில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிய பொய்களுக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வேலையை ஒரு மென்பொருள் பார்க்கிறதாம். பார்க்கட்டும். அந்த மின்னஞ்சலை அனுப்பிய தமிழ்ப் பெண் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: ஆன்ட்டி, அந்தக் காலத்தில் நீங்கள் ஒரு தகவல் உண்மை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? இந்தக் கேள்வி மட்டும் யோக்கியமான கேள்வி. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஷம்ஷாத். சொந்த ஊர் பள்ளப்பட்டி. திருச்சியில் புவியியல் எம்.எஸ்ஸி. படித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் நான்கு வருடம் பாடம் நடத்தி, கம்ப்யூட்டர் வேலைக்காரரான அன்வரைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்கா வந்தேன். பதிப்பகம் ஒரு பரீட்சை வைத்தது. ஒரு பக்கத்தில் ஒளித்து வைத்த பதினோரு பிழைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் பதினான்கு கண்டுபிடித்தேன். மற்ற மூன்று அவர்களுக்கே தெரியாதவை. வேலையும் கொடுத்தார்கள், என் பெயரில் தனியாக ஹெச்-ஒன் விசாவும் எடுத்துக் கொடுத்தார்கள். 2001 தொடக்கத்தில் நான் தகவல் சரிபார்ப்பாளர். பயிற்சி என்று எதுவும் இல்லை. மூன்று பென்சில்களைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

பென்சில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு என்றால் தவறு. நீலம் என்றால் சந்தேகம், எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். பச்சை என்றால் இரண்டு தனித்தனி ஆதாரங்களைப் பார்த்தாயிற்று, உண்மை. இன்னொரு பாடநூலை ஆதாரமாகக் காட்டக் கூடாது. ஏனென்றால் எல்லாப் பாடநூல்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்தவை. ஒவ்வொரு பக்கத்தோடும் ஒரு சீட்டு வரும். அதில் ஆறு கையெழுத்துக் கட்டங்கள், நான்காவது என்னுடையது. என் கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஆதாரங்களின் எண்களையும் எழுத வேண்டும். ஆறு கையெழுத்தும் விழாத பக்கம் அச்சுக்குப் போகாது. கேட்பதற்கு எவ்வளவு கறாராக இருக்கிறது பாருங்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

என் மேலதிகாரி அருளானந்தம். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், எண்பதுகளில் வந்தவர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தை முதலில் தலைகீழாகத்தான் வைத்துப் பார்ப்பார். எழுத்துகள் கண்ணை இழுக்காமல் படத்தை மட்டும் பார்ப்பதற்கான வழி அது. பிறகு நேராகத் திருப்பி, படங்களுக்குக் கீழே உள்ள வரிகளை மட்டும் படிப்பார். பாடத்தைக் கடைசியில்தான் தொடுவார். பென்சிலை பிளேடால் சீவுவார். மெஷினில் சீவிய பென்சிலைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு சம்பல் வைத்த பாண், அவர்கள் ஊர் ரொட்டி, இரண்டு துண்டு சாப்பிடுவார். அலுவலகமே மூக்கைச் சுளிக்கும், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். நான் சேர்ந்த வாரத்தில் ஒருமுறை எனக்குப் பாடம் சொன்னார்.

"பிள்ளை, சின்னாக்கள் பாடத்தை வாசிக்க மாட்டினம். படத்தைப் பாப்பினம், அதுக்குக் கீழ இருக்கிற வரியை வாசிப்பினம். பிழை விடுறதெண்டா பாடத்துக்குள்ள விடும். படத்துக்குக் கீழ விடாதையும்."

2002-இல் ஆறாம் வகுப்புக்கான உலக வரலாற்றுப் புத்தகம் ஒன்று வந்தது. பெரிய மாநிலங்களில் விற்பதற்கான புத்தகம். அதில் துருக்கியில் உள்ள கப்படோக்கியா பற்றி எதிரெதிராக இரண்டு பக்கங்கள். இடது பக்கத்தில் ஒரு அருமையான புகைப்படம். பழைய எரிமலைகள் கக்கிய சாம்பல் கனத்து இறுகிப் பாறையாகி, மழையும் காற்றும் அதை அரித்து அரித்துக் கூம்பு கூம்பாக நிறுத்தியிருந்த பள்ளத்தாக்கு. சில கூம்புகளின் தலையில் மட்டும் கறுப்பாக ஒரு கல் தொப்பி. அந்தக் கல் கெட்டியானது, அதற்குக் கீழே இருக்கும் பாறை மட்டும் மழையில் கரையாமல் தப்பிக்கிறது. கூம்புகளில் கதவுகள், ஜன்னல்கள், மாடங்கள். எல்லாம் மனிதர்கள் குடைந்தவை. உள்ளே வீடுகள், தொழுவங்கள், சுவரில் சித்திரம் தீட்டிய தேவாலயங்கள். பூமிக்கு அடியில் மாடி மாடியாக ஊர்களே உண்டு, எதிரி வந்தால் உள்ளேயிருந்து உருட்டி அடைக்கும் வட்டக் கல்லோடு.

வலது பக்கத்தில் ஒரு ஓவியம். இடுப்பில் விலங்குத்தோல், முகமெல்லாம் தாடி, கையில் ஒரு கனத்த தடி. பின்னால் அதே கூம்பு, அதே கதவு. கீழே உள்ள வரி சொன்னது: 'ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் குகை மனிதர்கள் இந்த இயற்கைக் குகைகளில் தங்கினர், பின்னர் மறைந்துபோயினர்.' அதற்கும் கீழே பயிற்சி: உங்களை ஒரு குகை மனிதராக வரையுங்கள்.

நான் புகைப்படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். வாசலுக்குள் தெரிந்த சுவரில் குந்தாலி கொத்திய தடம் வரிசை வரிசையாகச் சாய்ந்து ஓடியது. கதவுக்கு மேலே அழகாக வளைவு செதுக்கியிருந்தது. அந்தத் தாடிக்காரன் தடியை வைத்துக்கொண்டு வளைவு செதுக்கினானா? சிவப்பில் கோடு போட்டேன். பாடம் எழுதிய ஆளிடமிருந்து இரண்டு நாளில் பதில் வந்தது: நமது முந்தைய புத்தகத்திலும் இப்படித்தான் இருக்கிறது. முந்தைய புத்தகத்தை எழுதியதும் அவர்தான்.

நான் திருத்தி எழுதிய வரிக்குப் பச்சை போட இரண்டு ஆதாரங்கள் வேண்டும். நூலகத்தில் ஒரு நிலவியல் நூல் கிடைத்தது. இரண்டாவதற்கு நேரில் கண்ட சாட்சி ஒருவர் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் போதும் என்று விதி இருந்தது. அந்த விதியை யாரும் பயன்படுத்தியதில்லை. எனக்கு ஒரு ஆள் ஞாபகம் வந்தது.

நியூ ஜெர்சியிலேயே பேட்டர்சன் நகரில் துருக்கிக்காரர்களின் கடைகள் நிறைய உண்டு. அங்கே ஒரு ஆல்ட்டரேஷன் கடையில்தான் அன்வரின் பேன்ட்டுகளை நீளம் குறைக்கக் கொடுப்பேன். கடைக்காரி பெயர் குல்சும். என் சின்னம்மா மகளுக்கும் அதே பெயர் என்பதால் முதல் நாளே பேச்சு ஒட்டிக்கொண்டது. ஐம்பதை நெருங்கியவள், ஒரே மகள், பிந்திப் பிறந்தவள், அப்போது மூன்றாம் வகுப்பு. எந்த ஊர் என்று நான் ஒருமுறை கேட்டபோது, "பாறைக்குள்ளே" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். அவளுடைய உடைந்த ஆங்கிலத்தை இங்கே தமிழில் தருகிறேன். என் ஆங்கிலமும் அப்போது ஒன்றும் முழுசாக இல்லை.

அடுத்த சனிக்கிழமை படிவத்தோடு போனேன். அவள் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டேன். அந்தப் பாறை கொத்தும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டதும் இறுகிவிடும். குளிர்காலத்தில் வயலில் வேலை இருக்காது, அப்போதுதான் வீட்டைக் குடைவார்கள். அவளுடைய அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் அப்பா குந்தாலியை எடுத்து, வீட்டின் பின்சுவரை ஒரு குளிர்காலம் முழுக்கக் கொத்தி இன்னொரு அறை உண்டாக்கினார். மேலே உயரத்தில் புறாக்களுக்கு மாடம் குடைந்து சுற்றிலும் சுண்ணாம்பு அடிப்பார்கள். எச்சத்தை அள்ளித் திராட்சைத் தோட்டத்துக்கு உரமாகப் போடுவார்கள். அவளுக்கு ஒன்பது வயதில் கூரைப் பாறையில் விரிசல் விட்டது. அரசாங்கம் எல்லாரையும் கீழே புது வீடுகளுக்குப் போகச் சொன்னது.

அவளுக்கு அந்த வீட்டின்மேல் ஏக்கம் எல்லாம் இல்லை. ஈரம், சோற்றில் மண் உதிரும், அம்மாவுக்கு மூட்டுவலி, வந்ததே நல்லது என்றாள். ஆனால் படிவத்தைக் கையில் வாங்கியதும் முகம் மாறிவிட்டது.

"என் மகள் இதைப் படிப்பாளா?"

மூன்று வருடத்தில் படிப்பாள் என்றேன்.

"அப்படின்னா ஒண்ணு மட்டும் எழுது. அந்த அறையை என் அப்பா செஞ்சார். அது தானா வந்த ஓட்டை இல்லே."

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சீட்டில் உள்ள படிவ எண்ணைப் பார்த்து, சாட்சி சொன்னவர் பெயரைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நன்றிப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்றேன். வெட்கப்பட்டாள். உள்ளே போய் ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்தாள். பாறை வாசலில் குந்தாலியோடு நிற்கும் அப்பா. கோட்டும் துணித்தொப்பியும் கனத்த மீசையும். அவரை எடுத்த படம் அது ஒன்றுதான். வேண்டுமானால் போட்டுக்கொள் என்று ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

அருளானந்தம் அந்தப் படத்தையும் தலைகீழாக வைத்துப் பார்த்தார். பிறகு நேராக வைத்து வெகு நேரம் பார்த்தார். தோல் கட்டிய தாடிக்காரனைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் குல்சுமின் அப்பாவை வைத்துத் தன் கையாலேயே பக்கத்தை வரைந்து காட்டினார். நான் என் சீட்டில் ஆதார எண்கள் இரண்டையும் எழுதினேன். முதலாவது நிலவியல் நூல், இரண்டாவது குல்சுமின் படிவம். என் வேலைக்காலத்திலேயே நான் பெருமைப்பட்டது அந்த ஒரு வாரம்தான்.

பிளானோவிலிருந்து விற்பனைத் தலைவர் வந்தார். பெயர் டாட். டெக்சாஸில் பெரிய அலுவலகம், பெரிய காலணி, புத்தகம் படிக்கும் வழக்கம் மட்டும் கிடையாது. இரண்டு பக்கங்களையும் பார்த்துவிட்டுத் தாடிக்காரன் எங்கே என்று கேட்டார். அவன் தவறு என்று விளக்கினோம். அவர் மீசைக்காரரைச் சுட்டி, மாநிலப் பாடநூல்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் யாராவது இந்த ஆள் யார், எந்த மதம், எதற்கு நம் பிள்ளைகளின் புத்தகத்தில் நிற்கிறார் என்று கேட்டால் என்ன சொல்வது என்றார். குகை மனிதன் யார் என்று யாரும் கேட்பதில்லை என்றார். எந்தக் குழுவும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று இவராகவே பயந்து, இவராகவே பணிந்து, அதற்கு வியாபார அனுபவம் என்று பெயரும் வைத்துக்கொண்டார். வாழ்நாளில் நான் பார்த்த கோழைகளில் முக்கால்வாசிப் பேர் இந்த ரகம்தான்.

மறுநாள் தாடிக்காரன் பக்கத்துக்குத் திரும்பிவந்தான். கூடவே பழைய வரியும் வந்தது. நான் எண்கள் எழுதிய அதே சீட்டு என் மேசைக்கு வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. மூன்று நாள் வைத்திருந்தேன்.

அந்த மூன்று நாளில் இரண்டாவது நாள் அன்வரை அவருடைய பார்சிப்பனி அலுவலகத்தில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்த வருடம் அது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நடந்ததுதான். அவருடைய விசா அவர் வேலையோடு போயிற்று. இனி அவரும் இரண்டு பிள்ளைகளும் இந்த நாட்டில் இருப்பது என் விசாவைப் பிடித்துக்கொண்டுதான். கிரீன் கார்டுக்கு என் கம்பெனி மனுப் போட்டால்தான் உண்டு. அந்தக் காகிதம் மேலே கையெழுத்துக்காகக் காத்திருந்தது. நான் வீட்டில் குகை மனிதன் கதையைச் சொன்னேன். அன்வர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

"பேசாம டிக் போட்டுட்டு வா ஷம்ஷாத். இந்த நேரத்துல மேனேஜ்மென்ட்கிட்ட ஃபைட் பண்ணி என்ன ப்ரூவ் பண்ணப் போற? அந்தக் குகையில இருந்தவங்களா வந்து உன்னைக் கேக்கப் போறாங்க?"

மூன்றாவது நாள் அருளானந்தம் என் மேசைக்கு வந்தார். அவர் யார் மேசைக்கும் போகிறவர் இல்லை.

"போடும் பிள்ளை."

"சார், நீங்களே அந்தப் பக்கத்தை வரைஞ்சீங்க."

"ஓம், வரைஞ்சனான். மேல போய்க் கதைச்சும் பாத்தனான், சரிவரேல்ல. ரெட்டைக் கோபுரம் விழுந்த பிறகு இப்ப இருக்கிற நிலைமையில, உம்மட பேரோட, துருக்கிக்காரருக்காக ஒரு முஸ்லிம் பொம்பிளை மூண்டு நாளா ஒரு பக்கத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறா எண்டுதான் மேல கதைக்கினம். உம்மட கிரீன் கார்ட் காகிதமும் அந்த மேசையிலதான் கிடக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கட ஊர்த் தெருவை ஒரு புத்தகத்தில படம் போட்டு, கீழ 'மக்கள் கைவிட்டுச் சென்ற வீடுகள்' எண்டு எழுதினாங்கள். நாங்கள் ஒருத்தரும் கைவிடேல்ல, ஓடினனாங்கள். அந்தப் பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டது ஆர் எண்டு நினைக்கிறீர்? நான்தான். ஒண்டும் நடக்கேல்ல. அடுத்த நாளும் விடிஞ்சது."

இதை அவர் ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அவர்மேல் அருவருப்பு வந்தது. அடுத்த நிமிடம் பச்சைப் பென்சிலை எடுத்து டிக் போட்டேன். அருவருப்பில் ஒரு பங்கை எனக்கும் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இங்கேதான் நான் செய்த காரியம் இருக்கிறது. என் கட்டத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே குல்சுமின் படிவ எண் இருந்தது. அந்தப் படிவம் சொன்னது ஒன்று, அச்சுக்குப் போகும் பக்கத்தில் இருந்தது நேரெதிரான ஒன்று. எண்ணை அழித்தால் ஆதாரம் ஒன்று குறையும், பச்சை போட முடியாது. அழிக்காமல் போட்டேன். அந்த எண் சீட்டோடு போய் எங்கே சேரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பதினான்கு பிழை கண்டுபிடித்த மூளை, அன்றைக்கு யோசிக்காமல் இருந்துகொண்டது. எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் எண் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். படிவத்தை யாரும் திறக்க மாட்டார்கள். மூன்று நிறம், ஆறு கையெழுத்து என்று பீற்றிக்கொண்ட முறையின் லட்சணம் அதுதான். தகவல் உண்மை என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டாயே மகளே, இப்படித்தான்.

புகைப்படத்தை குல்சுமிடம் திருப்பிக் கொடுத்தேன். புத்தகத்தில் இடம் இல்லாமல் போய்விட்டது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, அன்வரின் பேன்ட் தயார், அயர்ன் செய்தாயிற்று என்றாள். அதற்குப் பிறகு நான் வேறு கடைக்குப் போகத் தொடங்கினேன்.

புத்தகம் நன்றாக விற்றது. டாட் பதவி உயர்ந்தார். அருளானந்தம் ஓய்வு பெற்று மகனோடு கலிபோர்னியா போனார். 2005 கோடையில் எங்கள் கிரீன் கார்டு வந்தது. அன்வர் பிரியாணி செய்து நான்கு குடும்பங்களைக் கூப்பிட்டார். இனி குகை மனிதனைப் பற்றி வாய் திறக்க எனக்கு எந்தத் தடையும் இல்லை. அடுத்த பதிப்புக்குத் திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கார்டுக்காகத்தான் சும்மா இருந்தேன் என்று நான் சொல்லிக்கொண்டதும் பொய் என்று அப்போதுதான் தெரிந்தது. சும்மா இருப்பது பழகிவிட்டது.

அந்த அக்டோபரில் குல்சும் அலுவலகத்துக்கே போன் செய்தாள். கடைக்கு வா என்று மட்டும் சொன்னாள்.

வெட்டும் மேசைமேல் புத்தகம் விரிந்திருந்தது. அவள் மகள் ஆறாம் வகுப்புக்கு வந்திருந்தாள். என் அம்மா பிறந்த ஊர் இது என்று வகுப்பில் எழுந்து சொல்லியிருக்கிறாள். அம்மாவும் தோல்தான் கட்டிக்கொண்டிருந்தாளா என்று யாரோ கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. புத்தகம் தப்பு, அந்த வீட்டை எங்கள் தாத்தா குடைந்தார் என்று இவள் வாதாடியிருக்கிறாள். அப்போது ஒரு மாணவி கடைசிப் பக்கத்தைத் திருப்பி நன்றிப் பட்டியலைக் காட்டினாளாம். கப்படோக்கியா பகுதிக்கு நேரடி சாட்சி, பேட்டர்சன் குல்சும். உன் அம்மாதானே சொல்லியிருக்கிறார்கள் என்றாளாம். மகள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி: ஏன் அப்படிச் சொன்னாய்?

குல்சும் கத்தவில்லை. புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"நான் இப்படிச் சொன்னேனா?"

"இல்லே."

"நீ என்ன எழுதினே?"

"நீ சொன்னதைத்தான் எழுதினேன். அப்புறம் இதுக்குக் கையெழுத்துப் போட்டேன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விசா, அன்வர், பிள்ளைகள் என்று சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அடுத்த பதிப்பில் பெயரை எடுக்கச் சொல்கிறேன், கடிதம் எழுதுகிறேன் என்று ஏதேதோ சொன்னேன். அவள் துணியில் அடையாளம் போடும் கறுப்புப் பேனாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ஊர்ல இருக்கிற புத்தகத்தை எல்லாம் நீ பார்த்துக்கோ. என் பொண்ணோட புத்தகத்துல என் பேரை இப்பவே அடி."

அடித்தேன். ஒரு எழுத்தும் தெரியாதபடி இரண்டு தரம் அடித்தேன். அதே பட்டியலில் மூன்று வரி மேலே, தகவல் சரிபார்ப்பு என்ற தலைப்புக்குக் கீழே என் பெயர் இருந்தது. பேனாவை அங்கே கொண்டுபோனேன். குல்சும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை அடிக்காதே. அது சரியா இருக்கு."